கராஜில் பிறந்த படகு

பாய்ப்படகு ஓட்டம் எண்டதும் எங்களுக்கு ஞாபகம் வருவது பணக்காரர்தான். கிளப் அங்கத்துவம், துறைமுகத்தில் நிரந்தரமாக ஓர் இடம், படகைப் பார்த்துக்கொள்ள ஆட்கள். அந்த நினைப்பு பெரும்பாலும் சரி. ஆனால் 1970களின் நடுப்பகுதியில் அந்த மதிலில் ஓர் ஓட்டை விழுந்தது. காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற ஒரு ட்ரெயிலரும், பைபர் அச்சும், மெல்லிய ஒரு விதிப்புத்தகமும் சேர்ந்து போட்ட ஓட்டை அது. அதற்குள்ளால் யார் உள்ளே வந்தார்கள், பிறகு அது எப்படிச் சுருங்கியது என்பதைத்தான் இங்கே இரண்டு படகுகளை வைத்துப் பார்க்கப்போகிறோம்.

முதலில் அந்தக் காலத்துப் பிரச்சினை. வெவ்வேறு அளவான படகுகள் ஒரே போட்டியில் ஓடினால் வெற்றியை எப்படித் தீர்மானிப்பது? படகின் நீளம், அகலம், பாயின் பரப்பு எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, ஒவ்வொரு படகுக்கும் நேரச் சலுகை கணக்கிட்டார்கள். 1970களில் ஐ.ஓ.ஆர். என்ற சர்வதேச விதி இதைத்தான் செய்தது. வடிவமைப்பாளர்கள் என்ன செய்தார்கள்? கடலுக்காகப் படகு கட்டுவதை விட்டுவிட்டுச் சூத்திரத்துக்காகக் கட்டத் தொடங்கினார்கள். அளவெடுக்கும் இடங்களில் மட்டும் புடைத்த, விசித்திரமான உடல்கள் வந்தன. இந்த வருசம் வென்ற படகு கொஞ்சக் காலத்தில் பழசாகிவிடும். வெல்ல வேண்டுமெண்டால் திரும்பவும் புதுசு வாங்க வேண்டும். அதாவது போட்டி கடலில் தொடங்குவதற்கு முதலே காசோலையில் தொடங்கிவிட்டது.

இந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஸ்டோனிங்டன் என்ற கரையோர ஊரில், ரொட் ஜோன்ஸ்டன் என்பவர் தன் வீட்டுக் கராஜில் ஒரு படகு கட்டத் தொடங்கினார். அவர் படகுத்துறைப் பத்திரிகை ஒன்றுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். சுமார் 400 டொலருக்கு மரமும் பைபரும் வாங்கினார். பழைய போட்டிப் படகொன்றில் மிஞ்சிய சாமான்களையும் பயன்படுத்தினார். கராஜ் வாசலுக்கு வெளியே எடுக்க வேண்டுமே, அதனால் படகின் அகலத்தையும் கராஜ்தான் முடிவுசெய்தது. 1976இல் அந்த 24 அடிப் படகு, 'ராக்டைம்', தண்ணீரில் இறங்கியது. குடும்பத்தாரையே ஏற்றிக்கொண்டு ஓடி, போட்டிக்கு மேல் போட்டியாக வென்றது. பார்த்தவர்கள் எங்களுக்கும் இதே மாதிரி ஒன்று வேணும் எண்டார்கள். 1977இல் ரொட்டும் அவருடைய சகோதரர் பொப்பும் கம்பனி தொடங்கினார்கள். றோட் ஐலண்டில் எவரெட் பியர்சனின் தொழிற்சாலை படகைக் கட்டிக் கொடுத்தது. அதுதான் ஜே 24.

பைபர் போட் எங்கட கரையோரங்களில் எல்லாருக்கும் தெரிந்த சாமான். ஓர் அச்சு இருந்தால் அதிலிருந்து எத்தனை உடலையும் ஒரே மாதிரி எடுக்கலாம். ஜே 24இன் உயிர் இந்த 'ஒரே மாதிரி'யில்தான் இருந்தது. உடல், கீல், பாய்மரம் எதையும் மாற்றக்கூடாது. எத்தனை பாய், என்ன அளவு என்பதும் விதியில் இருக்கிறது. படகில் ஏறுகிறவர்களின் மொத்த எடைகூட 400 கிலோவைத் தாண்டக்கூடாது. சூத்திரமும் இல்லை, நேரச் சலுகையும் இல்லை. முதலில் கோட்டைக் கடப்பவர் வென்றவர். 1979இல் நியூபோர்ட்டில் முதல் உலகச் சம்பியன் போட்டி நடந்தது. பிரிட்டன், இத்தாலி, ஜப்பான், அவுஸ்திரேலியா என்று பல நாடுகளில் கட்டினார்கள். இதுவரை 5,000க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள்.

ட்ரெயிலரின் பங்கை நாங்கள் குறைத்து மதிப்பிடக்கூடாது. படகைத் துறைமுகத்தில் வருசம் முழுக்க வாடகைக்கு விடத் தேவையில்லை. வீட்டு முற்றத்தில் நிறுத்தலாம். பாய்மரத்தைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் தள்ளி நடக்கிற போட்டிக்கு றோட்டால் போகலாம். உள்ளூர் கிளப்பின் சின்ன வட்டம் ஒரு தேசிய வட்டமாக விரிந்தது இப்படித்தான்.

பெண்களுக்கும் இது ஒரு கதவைத் திறந்தது. 1985இல் நியூபோர்ட்டில் தொடங்கிய பெண்களுக்கான சர்வதேசக் கீல்படகுப் போட்டி ஜே 24களில்தான் ஓடியது. எல்லாப் படகும் ஒன்றுதான் எண்டால், யாருடைய படகு என்ற கேள்வி பின்னால் போய்விடும். யார் ஓட்டுகிறார் என்பதுதான் மிஞ்சும்.

சரி, இதோடு கதை முடிந்ததா? இல்லை. விதி வடிவத்தை உறையவைத்தது, ஆனால் வேகத்தின் மேலுள்ள ஆசையை உறையவைக்க முடியுமா? சிட்னித் துறைமுகத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஓடும் 18 அடிப் படகுகள் 1980களில் ஒரு புது வழியைப் பிடித்தன. படகின் முன்னால் ஒரு கம்பை நீட்டி, அதிலிருந்து பெரிய சமச்சீரற்ற பாயை விரித்தார்கள். பத்து வருசத்துக்குள் அந்த யோசனை கீல்படகுகளுக்கும் வந்தது.

1993இல் வந்த மெல்ஜஸ் 24 அந்த மாற்றத்தின் பிள்ளை. கட்டியது விஸ்கொன்சின் மாநிலத்தின் சென்டா என்ற சின்ன ஊரிலிருந்த மெல்ஜஸ் குடும்பம். அவர்களில் படி மெல்ஜஸ் 1972 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். வடிவமைத்தவர்கள் ரைக்கல், பியூ என்ற இருவர். நீளத்தில் ஜே 24க்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் ஜே 24 சுமார் 1,400 கிலோ, இது சுமார் 800 கிலோ. கார்பன் பாய்மரம், மேலே தூக்கக்கூடிய கீல், நீட்டி மடக்கும் முன்கம்பு. நல்ல காற்றில் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகாமல் அதன் மேலே வழுக்கி ஓடும்.

இதுவும் 'ஒரே மாதிரி' வகுப்புத்தான். ஆனால் படகு சமமாக இருந்தாலும் ஆட்கள் சமமாக இருக்க வேண்டும் எண்டு இல்லையே. பணம் புது வழி தேடியது. ஒவ்வொரு போட்டிக்கும் புதுப் பாய், சம்பளத்துக்கு வந்து ஓட்டுகிற தொழில்முறை வீரர்கள், பயிற்றுநர்கள். வேலைக்குப் போய்விட்டுச் சனி ஞாயிறில் மட்டும் ஓடுகிறவர் அவர்களோடு எப்படி ஈடு கொடுப்பார்? அதனால் அந்த வகுப்பு, முழுக்கத் தொழில்முறை அல்லாத குழுக்களுக்கு 'கொரிந்தியன்' என்ற தனிப் பிரிவை வைத்தது. ஒரே கோட்டில் சேர்ந்து ஓடுவார்கள், பரிசு மட்டும் வேறு.

இதை வெறும் தொழில்நுட்ப முன்னேற்றமாக வாசித்தால் முக்கியமானதைத் தவறவிடுவோம் எண்டு நினைக்கிறோம். மலிவான பைபரும் ட்ரெயிலரும் கதவைத் திறந்தன, உண்மைதான். ஆனால் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது விதி. பணத்தால் வேகத்தை வாங்கக்கூடாது என்று ஒரு சமூகம் கூடிப் பேசி எழுதிவைத்த விதி. அது தளர்ந்த இடமெல்லாம் பணம் உள்ளே வந்தது. அப்போதும் கார் வைத்திருந்தவருக்கும் ஓய்வுநேரம் இருந்தவருக்கும் மட்டுமே திறந்த கதவு அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் 1970களின் கடைசியில் கட்டிய ஜே 24களை இன்றைக்கும் பழசாக வாங்கித் திருத்தி, புதுப் படகுகளோடு சரிக்குச் சரி ஓட்டுகிறார்கள். ஐ.ஓ.ஆர். சூத்திரத்துக்காகக் கட்டிய பெரும்பாலான படகுகளுக்கு அந்த ஆயுள் கிடைக்கவில்லை.