தங்கம் தேடி வந்து பூட்ஸ் கடை வைத்த மோசஸ்

போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் அப்பா காலமானார். யூதர். டொராண்டோவில் பாதர்ஸ்ட் தெருப் பக்கம் ஆயுசு முழுக்க ஷூ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அடக்கம் முடிந்ததும் பேரப்பிள்ளைகள் பக்கத்திலிருந்த பாட்டியின் கல்லறைக்குப் போய் ஆளுக்கொரு கூழாங்கல் வைத்தார்கள். "பூ வாடிடும், கல்லு அப்படியே இருக்கும்" என்றார் நண்பர். பிறகு, "உங்க ஊர்ல யூதர்கள் உண்டா?" என்று கேட்டார்.

எங்க ஊர் கோலார் தங்கவயல். கேஜிஎஃப். உடனே ஞாபகம் வந்தது தாத்தாவின் பூட்ஸ்தான்.

தாத்தா குடியாத்தம் பக்கத்து கிராமத்திலிருந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்கு வந்தவர். ஊரில் மேலத்தெரு வழியாகப் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளவேண்டும். அப்படிப்பட்டவர் பணம் சேர்த்து, பெங்களூர் போய் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ரூபின் மோசஸ் கடையில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினார். கடைசி வரை அது டிரங்குப் பெட்டியில் இருந்தது. நாங்கள் கேட்டால் ஒரே கதைதான் சொல்வார். "நாற்காலியில உக்கார வெச்சி, கீழ குனிஞ்சி என் காலைத் தொட்டு அளவெடுத்தாங்கடா." பூட்ஸைப் பற்றிப் பேசவே மாட்டார்.

யார் இந்த ரூபின் மோசஸ்?

ஈராக்கிலிருந்து வந்த பாக்தாதி யூதர். கலிபோர்னியா தங்க வேட்டைக்குப் போனவர், கோலாரில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு இந்தப் பக்கம் வந்தார் என்று பெங்களூரில் வழிவழியாகச் சொல்வார்கள். பாங்க் ஆபீசர் புத்தி சும்மா இருக்குமா? கூட்டிப் பார்த்தேன். கலிபோர்னியா வேட்டை ஆரம்பித்தது 1848-ல். கோலாரில் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததோ 1880-ல். ஆக, ஒரே மனிதர் இரண்டு வேட்டையிலும் இருந்தார் என்றால் கணக்கு கொஞ்சம் உதைக்கிறது. ஆனால் கதையின் மையம் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் கோலார் என்ற பெயர் கடல் கடந்து ஆட்களை இழுத்தது. கார்ன்வால் வெள்ளைக்காரர்களும், வடஆற்காடு, சேலம் தமிழர்களும் வந்து குவிந்தார்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமே எங்க ஊரைத் தேடி வந்ததே!

மோசஸ் தங்கத்தை நம்பாமல் வியாபாரத்தை நம்பினார். கன்டோன்மென்ட் முழுக்கப் பட்டாளம், அதிகாரிகள், அவர்களை அண்டிப் பிழைத்த தமிழர்கள். காலுக்கு பூட்ஸ் வேண்டாதவர் யார்? ஆசியாவிலேயே பெரிய பூட்ஸ் கடை என்று பெருமையாகச் சொல்வார்கள். யார் டேப் வைத்து அளந்தார்களோ! இன்று அந்தக் கடை இல்லை.

ஆனால் அவரைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பம்பாய், கல்கத்தா, கொச்சி மாதிரி பெங்களூரில் யூதர்களுக்குத் தொழுகைக் கூடம் கட்டப்படவில்லை. கூட்டு வழிபாட்டுக்கு அவர்கள் மரபுப்படி பத்து ஆண்கள் வேண்டும். விரல் விட்டு எண்ணும் குடும்பங்கள் இருக்கும் ஊரில் பத்துப் பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. மோசஸ் குடும்பத்தின் வீடுதான் அதற்கு இடம் கொடுத்தது என்பார்கள். நாம் இங்கே வந்த புதிதில் யாரோ ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் பொங்கல் வைத்தோமே, அதே கதைதான்.

அடக்கத்துக்கும் இடம் வேண்டுமே. 1904-ல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மைசூர் ரோட்டில் யூதர்களுக்கு நிலம் கொடுத்தார்.  அதே வருஷம் இறந்த சுபேதார் சாமுவேல் நாகாவ்கர் முதல் ஆளாக அங்கே அடக்கமானார். பின்னாளில் மோசஸும் அங்கேதான். ஹிட்லருக்குத் தப்பி ஐரோப்பாவிலிருந்து வந்த அகதிகளும் அங்கே உறங்குகிறார்கள். 1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு இந்திய யூதர்கள் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். கல்லறைகள் மட்டும் கிளம்ப முடியுமா?

இதை எழுதும்போது எனக்கு உறுத்துகிறது. 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த எங்க ஊர் சுரங்கம் 28 பிப்ரவரி 2001-ல் மூடப்பட்டது. அப்பாவுக்கு வேலை போச்சு. மிச்சமிருந்தவர்கள் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய்ப் பிழைத்தார்கள். என்னைப் போலப் படித்தவர்கள் இன்னும் தூரம் வந்துவிட்டோம். மாரிகுப்பம் பக்கம் தாத்தாவைப் புதைத்த இடத்துக்கு நான் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. புல் மண்டியிருக்கும்.  தாத்தாவுக்கு ஆள் இருந்தும் இந்தக் கதி.

அடுத்த லீவுக்கு டிக்கெட் போட்டாச்சு. முதலில் தாத்தா இடத்தைச் சுத்தம் செய்யவேண்டும். சுரங்கத்துக்கு வெளியே கொட்டிக் கிடக்கும் வெள்ளைக் கல் ரெண்டு பொறுக்கி, ஒன்றை அவருக்கு வைப்பேன். இன்னொன்றை மைசூர் ரோடுக்கு எடுத்துப் போய் மோசஸுக்கு. தங்கம் தேடி வந்தவருக்குக் கேஜிஎஃப் கல்லாவது போய்ச் சேரட்டுமே!

உங்க வீட்டுப் பெரியவர்கள் எங்கே உறங்குகிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். இந்த வாரமே சொல்லுங்கள்.