தொடுதலும் ஒரு கல்வி



உடம்பில் ஓர் இடம் வலித்தால், யாரும் சொல்லாமலே நம் கை அவ்விடத்திற்குச் செல்கிறது. இடறி விழுந்த குழந்தையின் முழங்காலைத் தாய் நீவி விடுகிறாள். களைத்து வந்த தந்தையின் காலை மகன் பிடித்து விடுகிறான். இதை எந்தப் பள்ளியிலும் எவரும் கற்றதில்லை. ஆயினும், பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தைப் பயிலச் சேரும் மாணவர்க்கு, பிறர் உடம்பின்மீது கை வைப்பது எவ்வாறு என்பது நெடுங்காலம் முதற்பாடங்களுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது. இயல்பாக வருவதைப் பாடமாக்கித் தேர்வும் நடத்த வேண்டிய தேவை ஏன் எழுந்தது? இக்கேள்விக்கு விடை ஐரோப்பிய வரலாற்றில் கிடைக்கிறது.

சுவீடன் நாட்டில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். நோயைத் தீர்க்கவும் உடலசைவுகளைப் பயன்படுத்தலாம் என்பது அவர் கொள்கை. பின்னர், ஹாலந்து நாட்டு மருத்துவர் யோஹான் மெஸ்கர், கையால் செய்யும் சிகிச்சையைத் தனியே வகுத்து, மருத்துவர்கள் மதிக்கத்தக்க முறையாக்கினார். நீவுதல், பிசைதல், அழுத்தித் தேய்த்தல், தட்டுதல் என்ற பிரிவுகள் அக்காலத்தில் உறுதி பெற்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் உண்டு. நீவும் கை இதயத்தை நோக்கிச் செல்ல வேண்டும். இரத்தமும் நிணநீரும் திரும்பும் வழி அதுவாகும். பிசைதல் தசைக்கு உரியது. அழுத்தித் தேய்த்தல், தசைநாரிலும் மூட்டின் ஓரத்திலும் விரல்நுனியளவு இடத்தில் செய்யப்படுவது.

முறை வகுத்தாயிற்று, ஆனால் மானம் காக்கப்படவில்லை. இலண்டன் மாநகரில் மசாஜ் நிலையம் என்ற பலகையைத் தொங்கவிட்டு, உள்ளே வேறு தொழில் நடத்திய வீடுகள் இருந்தன. 1894-ஆம் ஆண்டில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ என்னும் மருத்துவ இதழ் இவ்விழிவை வெளிப்படுத்தி எழுதியது. நேர்மையாகத் தொழில் செய்து வந்த தாதியர்மீதும் அக்கறை படிந்தது. அவ்வாண்டிலேயே ரோசலிண்டு பாஜெட், லூசி ராபின்சன், மார்கரெட் பாமர், அன்னி மான்லி என்னும் நால்வர் ஒன்றுகூடி, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களின் சங்கம் ஒன்றை அமைத்தனர்.

அவர்கள் வகுத்த விதிகள் கடுமையானவை. மருத்துவரின் உத்தரவின்றி எவர்க்கும் சிகிச்சை செய்தல் கூடாது. ஆடவர்க்குச் சிகிச்சை, மருத்துவர் தனியே கேட்டுக்கொண்டாலன்றி இல்லை. பொதுப் பத்திரிகைகளில் விளம்பரம் கூடாது. நோயாளிக்கு மருந்து விற்றலும் ஆகாது. இவற்றோடு ஒரு தேர்வும் வைத்தனர். எலும்பு, தசை, நரம்பு ஆகியவற்றின் அமைப்பை அறியாதவர் சான்றிதழ் பெற இயலாது. “நாங்கள் நல்லவர்கள்” என்று கூறிக்கொள்வதோடு அவர்கள் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. கற்றவர் யார், கல்லாதவர் யார் என்று பிறர் சோதித்து அறியும்படி செய்தனர். அச்சங்கம் 1920-இல் அரச சாசனம் பெற்றது. 1944 முதல் பிசியோதெரபிச் சங்கமாக விளங்குகிறது.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது இக்கல்வி சோதனைக்கு உள்ளாயிற்று. அல்மெரிக் பாஜெட் என்பவர் பெயரால் அமைந்த மசாஜ் படை, பயிற்சி பெற்ற 50 பெண்களுடன் தொடங்கிற்று. குண்டடிபட்டு விறைத்த கைகால்களை மீண்டும் இயங்கச் செய்வது அவர்கள் பணி. போரில் கண்ணிழந்தோர்க்காக 1915-இல் ஆர்தர் பியர்சன் நிறுவிய செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தில், அவர்கள் கற்ற தொழில்களுள் மசாஜும் ஒன்று. பார்வையற்ற ஒருவர் உடற்கூற்றியலைக் கற்றுத் தேர்ந்து, தம்மைப்போல் காயமுற்ற வேறொரு போர்வீரரின் தோளைத் தடவிக் குறையைக் கண்டறிந்தார் என்றால், அங்கே விரலே விழியாயிற்று அன்றோ?

விரல் கண்டறிந்த மற்றொரு செய்தியும் உண்டு. ஜெர்மனியில் எலிசபெத் டிக்கே என்னும் அம்மையார் இத்தொழிலைச் செய்து வந்தார். 1929-ஆம் ஆண்டில் அவருடைய வலக்காலில் இரத்த ஓட்டம் குன்றியது. கால் பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. அதை வெட்டி எடுக்க நேரலாம் என்று மருத்துவர்கள் கருதினர். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்க்கு இடுப்பிலும் கடும்வலி. வலி தாளாமல் தம் விரல்களாலேயே இடுப்பைத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் தோலின்கீழ் திசு தடித்து இறுகியிருந்தது, மறுபக்கத்தில் அவ்வாறில்லை. இறுகிய இடத்தை விரல்நுனியால் இழுத்து இழுத்து நீவினார். இடுப்புவலி தணிந்தது. வியப்பு என்னவெனில், கை படாத காலில் கூச்சமும் வெம்மையும் பரவின. பின்னர்த் தம்முடன் தொழில் செய்த ஒருவரைக்கொண்டு அம்முறையைத் தொடரச் செய்தார். மூன்று மாதங்களில் கொடிய குறிகள் நீங்கின. ஓராண்டில் மீண்டும் தொழிலுக்குத் திரும்பினார்.

இடுப்பைத் தொட்டால் கால் எவ்வாறு வெம்மையுறும்? ஹென்றி ஹெட் என்னும் ஆங்கில மருத்துவர், உள்ளுறுப்பு ஒன்று நோயுறும்போது தோலில் அதற்குரிய ஒரு பகுதி கூசுவதை 1890-களிலேயே எழுதியிருந்தார். இதயநோயால் இடக்கை வலிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். தண்டுவடத்தின் ஒரே பகுதியோடு தொடர்புடைய நரம்புகள் தோலுக்கும் உள்ளுறுப்புக்கும் செல்வதே அதற்குக் காரணம். அவ்வழியே வெளியிலிருந்து உள்ளுக்கும் செய்தி செல்லலாம் என்பது டிக்கே வழியினரின் கருத்து. ஹெடே டைரிக்-லாய்பே என்னும் ஆசிரியை இம்முறையை ஆராய்வதில் அவருடன் இணைந்தார். இருவரும் 1942-இல் ஒரு நூலை வெளியிட்டனர். இதுவே இணைப்புத் திசு மசாஜ் எனப் பெயர் பெற்றது.

இதைக் கற்கும் மாணவர், முன்பு கற்ற பலவற்றை ஒதுக்கி வைக்க வேண்டும். எண்ணெய் இல்லை; மாவுத்தூள் இல்லை; வழுக்கினால் திசுவைப் பற்ற இயலாது. நோயாளியை முதுகு காட்டி உட்காரவைத்து, எங்கே தோல் உள்வாங்கியுள்ளது, எங்கே உப்பியுள்ளது என்று முதலில் கண்ணால் காண வேண்டும். பின்னர், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளால் தோலைப் பற்றி மெல்ல இழுக்க வேண்டும். இடுப்பின் கீழ்ப்பகுதியில் தொடங்கிப் படிப்படியாக மேலே செல்வதே மரபு. நோயாளிக்கு நகத்தால் கீறுவது போன்ற உணர்ச்சி தோன்றும். இழுத்த இடம் சிவக்கும். மாணவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் பழகுகின்றனர். தோல் எது, அதன்கீழுள்ள திசு எது, தசை எது என்று விரல் பிரித்தறியும்வரை நாள்கள் பல செல்கின்றன. காய்ச்சல், கடும் அழற்சி, இரத்தக்குழாயில் உறைவு ஆகியவை உள்ளவரிடம் கை வையாமல் விலகுவதும் பாடத்தின் பகுதியே.

மாணவ நண்பர்களே, இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். டிக்கே அம்மையார் கால் பிழைத்தது. ஆனால், ஒருவர் நலம் பெற்ற வரலாறு, எல்லாரும் நலம் பெறுவர் என்பதற்குச் சான்று ஆகாது. தாமே குறைந்த நோயும் உண்டு. நம்பிக்கையால் தணிந்த வலியும் உண்டு. இம்முறையைப்பற்றி முறையாக நடந்த ஆய்வுகள் சிலவே. அவற்றைக்கொண்டு உறுதியான முடிவு கூற இயலவில்லை. இன்றைய இயன்முறை மருத்துவம் உடற்பயிற்சிக்கே முதலிடம் தருகிறது. மசாஜ் அதற்குத் துணையாக நிற்கிறது. இதனால் அவ்வம்மையார் பெருமை குறைவதில்லை. வலியில் துடித்த வேளையிலும், இரு பக்கங்களையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் கவனித்தாரே, அந்தக் கவனம் பயிற்சி தந்தது. கல்லாத கை வலித்த இடத்தைத் தேய்த்ததோடு நின்றிருக்கும்.

இலண்டனில் நால்வர் வகுத்த விதிகளும் அதனையே கூறுகின்றன. நோயுற்றவர் தம் உடம்பை அயலார் ஒருவரிடம் ஒப்படைக்கிறார். அந்த நம்பிக்கைக்கு, அன்பு மட்டும் ஈடாகாது. எங்கே தொடலாம், எங்கே தொடலாகாது, தொட்டதனால் பயன் விளைந்ததா என்று கேட்டுக் கேட்டுக் கற்ற கையே அதற்குத் தகுதி உடையது.