வட்டும் மின்தூக்கியும்



பள்ளிகள் யாவும் ஒரே வேளையில் மாணவர் வருகையைக் கணினியில் பதியும்போது திரை நின்று சுழல்வதைக் கண்டிருப்பீர்கள். உடனே இணையத்தைத்தான் பழிக்கிறோம். தரவு உறையும் வட்டுக்கும் அதில் பெரும்பங்கு இருந்த காலம் ஒன்றுண்டு.

1956-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ரமாக் கணினியில் 50 தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். அடுக்கின் ஓரமாய்க் கை ஒன்று ஏறியிறங்கி, வேண்டிய தட்டுக்குள் நுழைந்து படிக்கும். ஒரு தேடலுக்குச் சராசரியாக அரை வினாடிக்கும் மேல்! பின்னாளில் வேகம் பெருகிய போதும், முனை நகர்வதற்கான நேரமே பெருஞ்செலவாய் நீடித்தது. வேண்டுகோள்களை வந்த வரிசையிலேயே நிறைவேற்றினால் முனை அங்குமிங்கும் அலைந்தே ஓயும். ஆகவே, மின்தூக்கி வழியிலுள்ள மாடிகளில் நின்று செல்வதுபோல, ஒரே திசையில் சென்று எதிர்ப்படும் வேண்டுகோள்களை எல்லாம் முடித்துத் திரும்பும் முறை பிறந்தது. 1967-இல் பீட்டர் டென்னிங் இதனை ஆராய்ந்து எழுதினார்.

வேகம் கிடைத்தது, ஆனால் வரிசை மாறியது. தரவுத்தளத்திற்கோ வரிசையே உயிர். ‘சேமிக்கப்பட்டது’ என்று திரை சொன்ன மறுகணம் மின்சாரம் அறுந்தால், அந்த மாணவரின் மதிப்பெண் நிலைக்குமா? இயங்குதளத்தின் பணிகள் பலவும் தரவுத்தளத்திற்கு ஒவ்வாதவை என்று 1981-இலேயே மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குறைபட்டார்.

இவ்விடத்தில் ஒரு தமிழ்நாட்டுப் பெயரைச் சொல்வதில் மகிழ்கிறேன். சென்னை ஐஐடியில் பயின்ற சி. மோகன், ஐபிஎம்-இல் நால்வருடன் சேர்ந்து 1992-இல் ‘ஏரீஸ்’ என்னும் மீட்பு முறையை விரிவாக வெளியிட்டார். மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் எழுதுவது முன்பே அறியப்பட்ட நெறி. அதனை ஏரீஸ் முழுமையாக்கியது. குறிப்பேடு தொடர்ச்சியாக எழுதப்படுவதால் முனை அதிகம் அலைவதில்லை. உரிய பக்கங்களைப் பின்னர் வட்டுக்கு ஏற்ற வரிசையில் எழுதிக்கொள்ளலாம். மின்சாரம் போனாலும் குறிப்பேட்டைக் கொண்டு மீட்டுவிடலாம்.

2001-இல் சீதாராம் ஐயரும் பீட்டர் ட்ருஷலும் வேறொன்றைக் கூறினர்: ஒரு படிப்பு முடிந்ததும் முனையைச் சற்றே காத்திருக்க விடுக, அதே நிரல் அடுத்த இடத்தையே கேட்கக்கூடும். 2003 திசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 இதனையே இயல்பிருப்பாக ஏற்றது. ஆனால் சிதறிய வேண்டுகோள்கள் குவியும் தரவுத்தளங்களுக்கு அந்தக் காத்திருப்பு வீண். அவற்றைப் பேணியோர் ‘டெட்லைன்’ முறையை நாடினர். அதில் படிப்புக்கு அரை வினாடி, எழுத்துக்கு 5 வினாடி எனத் தவணை உண்டு. எந்த வேண்டுகோளும் நெடுங்காலம் தேங்காது.

2019-இல் லினக்ஸ் 5.0 வருவதற்குள் அப்பழைய நிரல்கள் நீக்கப்பட்டுவிட்டன. ‘டெட்லைன்’ மட்டும் புதிய வடிவில் தொடர்கிறது. நம் ஜொகூரின் செடெனாக், கூலாய் வட்டாரங்களில் எழுந்துள்ளவை போன்ற தரவு மையங்களில் மின்ம நினைவகங்கள் மிகுதி. அவற்றில் அலைவதற்கு முனையே இல்லை. ஆயினும் குறிப்பேடு முன்னே, பக்கம் பின்னே என்னும் வரிசை அங்கும் மாறவில்லை.