நடுத்தர வடிவ எண்ணிம ஒளிப்படக்கருவி (மாந்தர் ஒளிப்படவியல்)

நடுத்தர வடிவ எண்ணிம ஒளிப்படக்கருவி என்பது 36 × 24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்ட உணரியைவிடப் பெரிய ஒளியுணரியைக் கொண்ட எண்ணிமக் கேமரா ஆகும். விளம்பரம், ஆடையணி, உருவப்படம் ஆகிய துறைகளில் இது பெரிதும் பயன்படுகிறது. மனிதர்களைப் படமெடுப்பதற்கு இத்தகைய கருவி தேவையா, தேவையெனில் எதைத் தெரிவு செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கடலூர் மாவட்டத்தின் ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் பகுதியிலிருந்து எடுத்தாளப்படுகின்றன. பெருநகர விளம்பர நிலையத்துக்குப் பொருந்தும் அறிவுரை அங்குள்ள சிறிய ஸ்டுடியோவுக்கு அப்படியே பொருந்தாது. மேலும், பல இலட்சம் ரூபாய் முதலீட்டில் ஏற்படும் பிழையை ஒரு சிற்றூர்த் தொழிலாளர் எளிதில் ஈடுகட்ட முடியாது.

பெயரும் அளவும்

"நடுத்தர வடிவம்" என்ற பெயர் படச்சுருள் காலத்தைச் சேர்ந்தது. கோடாக் நிறுவனம் 1901இல் அறிமுகப்படுத்திய 120 வகைச் சுருளில் எடுக்கப்படும் படங்களுக்கே இப்பெயர் வழங்கியது. 6 × 6 செ.மீ. என்று சொல்லப்படும் சட்டத்தின் உண்மையான அளவு ஏறத்தாழ 56 × 56 மி.மீ. ஆகும். இன்று இப்பெயரில் விற்கப்படும் எண்ணிமக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் உணரி 44 × 33 மி.மீ. மட்டுமே. விலையுயர்ந்த சிலவற்றில் 54 × 40 மி.மீ. உணரி உள்ளது.

பரப்பளவைக் கணக்கிட்டால் உண்மை நிலை விளங்கும். முழுச்சட்ட உணரியின் பரப்பு 864 சதுர மி.மீ.; 44 × 33 உணரியின் பரப்பு அதைப்போல் சுமார் 1.7 மடங்கு, 54 × 40 உணரி சுமார் 2.5 மடங்கு. பழைய சதுரச் சட்டமோ 3.6 மடங்கு. ஆகவே, சிறிய வகை நடுத்தர வடிவ உணரி, பழைய 120 சட்டத்தைவிட முழுச்சட்டத்துக்கே நெருக்கமானது. விளம்பரங்களில் இந்த ஒப்பீட்டைக் காண்பது அரிது.

தமிழ்நாட்டில் 120 சுருள்

நடுத்தர வடிவம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. வண்ண 35 மி.மீ. சுருளும் தானியங்கி அச்சகங்களும் பரவும் வரையில், சிற்றூர் ஸ்டுடியோக்களின் அன்றாடக் கருவி 120 சுருளைப் பயன்படுத்தும் இரட்டை லென்ஸ் கேமராவே. ஜெர்மனியின் ரோலிஃபிளெக்ஸ் 1929இல் வெளிவந்தது. அதன் வழியில் வந்த ஜப்பானின் யாஷிகா கேமராக்கள் இங்குப் பெரிதும் புழங்கின. ஒரு சுருளில் 12 சதுரப் படங்கள் கிடைக்கும். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், "இந்து" என்ற வணிகப் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைத் தயாரித்து வந்தது. அந்நிறுவனம் பின்னர் நலிவுற்று மூடப்பட்டது.

இரட்டை லென்ஸ் கேமராவை இடுப்பு அல்லது மார்பு உயரத்தில் வைத்து, மேலிருந்து குனிந்து பார்ப்பார்கள். அதனால் எதிரில் நிற்பவர் சற்றே கீழிருந்து பார்க்கப்படுகிறார். அக்காலப் படங்களில் முழு உருவமாக நிற்கும் எளிய மனிதர்களிடமும் ஒரு மிடுக்குத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். நெகட்டிவ் பெரிதாக இருந்ததால் அதன்மீதே கூர்மையான பென்சிலால் முகத்தைத் திருத்த முடிந்தது. ஒருவர் இறந்தபின், குழுப்படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாலையிடுவதும் பெரிய நெகட்டிவால் எளிதாயிற்று.

நவீன இந்திய ஒளிப்படவியலில் தயானிதா சிங் இவ்வடிவத்தில் குறிப்பிடத்தக்கவர். ஹாசல்பிளாட் சதுர வடிவக் கேமராவைக் கொண்டு இந்தியக் குடும்பங்களை அவர்தம் வீடுகளிலேயே படமெடுத்த அவருக்கு 2022ஆம் ஆண்டின் ஹாசல்பிளாட் விருது வழங்கப்பட்டது.

எண்ணிம வடிவின் வளர்ச்சி

1990களின் தொடக்கத்தில் வந்த லீஃப் நிறுவனத்தின் முதல் எண்ணிமப் பின்பகுதி 4 மெகாபிக்சல் கொண்டது. ஒரு வண்ணப் படத்துக்கு மூன்று வடிகட்டிகள் வழியாக மூன்று முறை ஒளியேற்ற வேண்டியிருந்ததால், அசையும் மனிதரை அதனால் வண்ணத்தில் எடுக்க முடியவில்லை. பின்னர் வந்த சி.சி.டி. உணரிகள் ஒரே முறையில் படமெடுத்தன. எனினும் குறைந்த ஒளியில் அவை தடுமாறின.

2014இல் 50 மெகாபிக்சல் சீமாஸ் உணரி ஃபேஸ் ஒன், ஹாசல்பிளாட், பென்டாக்ஸ் கேமராக்களில் வந்தபோது இந்நிலை மாறியது. 2016இல் அறிவிக்கப்பட்ட ஹாசல்பிளாட் எக்ஸ்1டி, 2017இல் விற்பனைக்கு வந்த புஜிஃபில்ம் ஜி.எஃப்.எக்ஸ். 50எஸ் ஆகியவை கண்ணாடியற்ற வகையைச் சேர்ந்தவை. 2019இன் ஜி.எஃப்.எக்ஸ். 100, 102 மெகாபிக்சலுடன் உணரியிலேயே கட்டவேறுபாட்டுக் குவியமும் அசைவு நிலைப்படுத்தலும் கொண்டிருந்தது. அதன் வழிவந்த 100எஸ் (2021), 100 II (2023), 100எஸ் II (2024) ஆகியவையும், ஹாசல்பிளாட்டின் எக்ஸ்2டி (2022), எக்ஸ்2டி II (2025) ஆகியவையுமே இன்று இவ்வகையில் பெரும்பாலோர் ஒப்பிட்டுப் பார்ப்பவை. ஃபேஸ் ஒன் 2018இல் 54 × 40 மி.மீ. உணரியுடன் 150 மெகாபிக்சல் பின்பகுதியை வெளியிட்டது. அதன் விலை சிறு ஸ்டுடியோக்களுக்கு எட்டாதது.

ஷட்டரும் பிளாஷும்

மனிதர்களைப் படமெடுப்போர் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது மெகாபிக்சலை அன்று, ஷட்டர் எங்கே இருக்கிறது என்பதையே. ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையில் ஷட்டர் லென்சுக்குள் உள்ளது. 1/2000 நொடி வரையிலும், சில புதிய லென்சுகளில் 1/4000 நொடி வரையிலும் எல்லா வேகத்திலும் பிளாஷ் ஒத்திசையும். லென்ஸ் மாற்றக்கூடிய ஜி.எஃப்.எக்ஸ். கேமராக்களில் ஷட்டர் உணரியின் முன்னுள்ள திரையாகும். அதில் ஒத்திசைவு வேகம் 1/125 நொடி மட்டுமே.

இவ்வேறுபாட்டின் விளைவை ஒரு நிகழ்வைக் கொண்டு காணலாம். மாசி மகத்தின்போது ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருள்வதும், அங்கே தர்கா சார்பில் இசுலாமியர் பெருமாளுக்கு மரியாதை செய்வதும் மரபு. அங்கு உச்சி வெயிலில் ஒருவரின் உருவப்படத்தை எடுப்பதாகக் கொள்வோம். நேரடி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 16, வேகம் 1/100 நொடி என்பது பழைய கணக்கு. பின்னணியை மங்கலாக்கத் துளையை எஃப் 4 ஆக்கினால் வேகம் 1/1600 நொடியாகும். தலைக்கு மேலுள்ள சூரியனால் கண்குழிகளில் விழும் நிழலை நீக்கச் சிறிது பிளாஷ் வேண்டும். லென்ஸ் ஷட்டர் உள்ள கருவியில் இது நேரடியாகவே முடியும். திரை ஷட்டர் உள்ள கருவியில் வேகத்தை 1/125 நொடிக்குக் குறைத்து, துளையை ஏறத்தாழ எஃப் 14 ஆகச் சுருக்க வேண்டும். பிளாஷின் விளைவு துளையைப் பொறுத்தது என்பதால், எஃப் 4இல் 50 வாட்-நொடி ஆற்றல் போதுமானதெனில் எஃப் 14இல் சுமார் 600 வாட்-நொடி தேவைப்படும். முன்னது கையில் பிடிக்கும் சிறு பிளாஷ். பின்னதைச் சுமக்கத் தனி ஆள் வேண்டும்.

ஒளியைக் குறைக்கும் சாம்பல்நிற வடிகட்டி இச்சிக்கலைத் தீர்க்கும் என்று பலர் கருதுகின்றனர். அது பாதித் தீர்வே. வடிகட்டி பின்னணியை மங்கலாக வைத்திருக்க உதவும். ஆனால் அது பிளாஷின் ஒளியையும் அதே அளவு குறைப்பதால் ஆற்றல் தேவை குறைவதில்லை. லென்ஸ் ஷட்டரிலும் ஓர் எல்லை உண்டு: பிளாஷ் ஒளிரும் நேரம் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைவிட நீண்டால் ஒளியின் ஒரு பகுதி வீணாகும். எனவே வாங்குமுன் தன்னிடமுள்ள பிளாஷுடனேயே சோதித்துப் பார்ப்பது நன்று.

ஹாசல்பிளாட்டின் பழைய எச் வரிசை லென்சுகளை இணைப்பான் மூலம் ஜி.எஃப்.எக்ஸ். கேமராவில் பொருத்தினால் 1/800 நொடி வரை ஒத்திசைவு கிடைக்கும். ஆயினும் குவியத்தைக் கையால்தான் அமைக்க வேண்டும்.

குவியமும் ஆழமும்

"நடுத்தர வடிவத் தோற்றம்" என்று ஒரு மாயப் பண்பு பேசப்படுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் அதில் மாயம் அதிகமில்லை. உருவப்படத்துக்குப் பெயர்பெற்ற ஜி.எஃப். 110 மி.மீ. எஃப் 2 லென்ஸ், முழுச்சட்டத்தில் 87 மி.மீ. எஃப் 1.6 லென்சுக்கு நிகரானது. முழுச்சட்டக் கேமராக்களுக்கு 85 மி.மீ. எஃப் 1.4, ஏன் எஃப் 1.2 லென்சுகளும் கிடைக்கின்றன. பின்னணி மங்கல் மட்டுமே வேண்டுவோர் வடிவத்தை மாற்றத் தேவையில்லை. 4:3 என்ற சட்ட விகிதம் நிமிர்ந்த உருவப்படத்துக்கு 3:2 விகிதத்தைவிட இசைவாக இருப்பது உண்மையான, ஆனால் அதிகம் பேசப்படாத நன்மை.

அந்த 110 மி.மீ. லென்சில் ஒன்றரை மீட்டர் தொலைவில் எஃப் 2இல் எடுத்தால் கூர்மையான ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே. கண் தெளிவாக இருந்தால் காது மங்கும். இந்நிலையில் கண்ணைத் தானே கண்டறிந்து பின்தொடரும் தானியங்கிக் குவியம் இன்றியமையாதது. புஜிஃபில்மின் 100 மெகாபிக்சல் கேமராக்களில் இது உண்டு. அதே நிறுவனத்தின் 50 மெகாபிக்சல் கேமராக்கள் மாறுபாட்டுக் குவியத்தை மட்டும் நம்பியவை. உட்கார்ந்திருப்பவருக்குப் போதும், நடப்பவருக்குப் போதாது. ஹாசல்பிளாட்டில் தொடர் குவியம் எக்ஸ்2டி II வந்தபின்னரே கிடைத்தது.

திருமணத்தில் தாலி கட்டும் நொடி சில வினாடிகளே நீடிக்கும். கெட்டிமேளம் முடிந்தால் மீண்டும் எடுக்க இயலாது. அதற்கு இன்றும் முழுச்சட்டக் கேமராவே பொருத்தம் என்பதில் ஐயமில்லை.

மண்டபங்களில் தொங்கும் எல்.இ.டி. சர விளக்குகள் மற்றொரு பொறி. 100 மெகாபிக்சல் உணரிகள் மின்னணு ஷட்டரில் படத்தை வரிவரியாக மெதுவாக வாசிப்பதால், இவ்விளக்குகளின் கீழ் முகத்தின்மீது பட்டைகள் விழும். எக்ஸ் வரிசையில் ஷட்டரற்ற பிற நிறுவன லென்சுகளைப் பொருத்தினால் மின்னணு ஷட்டர் மட்டுமே வேலை செய்யும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

தோலின் நிறமும் பட்டின் இழையும்

படச்சுருள் காலத்தில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய "ஷெர்லி" அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோலுடைய பெண்ணின் படமே இருந்தது. அவ்வாறு சரிசெய்யப்பட்ட அச்சில் கருந்தோல் விவரமின்றிப் போயிற்று. எண்ணிமக் கருவியில் இந்தச் சார்பைப் பெருமளவு திருத்த முடியும். ஆனால் அது தானாக நிகழாது. ஹாசல்பிளாட், புஜிஃபில்ம், ஃபேஸ் ஒன் ஆகியவற்றின் நிறத்தைப் பற்றிய புகழுரைகள் பலவும் வெளிறிய முகங்களைக் கொண்டு எழுதப்பட்டவை.

நல்ல சோதனைக்களம் ஸ்ரீமுஷ்ணம் கோயிலின் நாயக்கர் காலக் கல்மண்டபம் போன்ற இடமே. நிழலில் கருங்கல் தூண், அதன் முன் வெள்ளை வேட்டி உடுத்த கருநிற மனிதர், பின்னால் வெயில் கொளுத்தும் பிராகாரம். (அனுமதி பெற்று, கருவறைப் பகுதியைத் தவிர்த்து எடுக்க வேண்டும்.) வேட்டியின் மடிப்பும் முகத்தின் நிழற்பகுதியும் ஒரே கோப்பில் தங்குகின்றனவா என்று பார்க்கலாம். பெரிய உணரியின் பயன் உண்மையில் இங்கேதான் தெரிகிறது. நிழலை இரண்டு மூன்று படி உயர்த்தினாலும் முகத்தில் பச்சையோ கருஞ்சிவப்போ படர்வதில்லை. 16 பிட் என்ற எண்ணைவிட இந்தச் சோதனை நம்பத்தக்கது.

பட்டுச் சேலையின் இழையும் சரிகையும் உணரியின் புள்ளி வரிசையோடு மோதும்போது அலைப்பட்டை தோன்றும். இக்கேமராக்களில் அதைத் தடுக்கும் வடிகட்டி பொதுவாக இல்லை. 50 மெகாபிக்சல் உணரியில் புள்ளி இடைவெளி 5.3 மைக்ரான், 100இல் 3.76 மைக்ரான். இடைவெளி குறையக் குறைய இச்சிக்கல் குறைகிறது.

அச்சளவும் கோப்பளவும்

102 மெகாபிக்சல் படம் 11,648 × 8,736 புள்ளிகள் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 38 × 29 அங்குல அச்சுக்கு இது போதும். 24 மெகாபிக்சலுக்கு அதே வீதத்தில் 20 × 13 அங்குலம். திருமண ஆல்பத்தின் 12 × 36 அங்குல இரட்டைப் பக்கம் முழுவதும் ஒரே படம் பரவும்போது மட்டுமே 24 மெகாபிக்சல் குறைவாகத் தெரியக்கூடும். அப்பக்கத்தில் ஐந்தாறு படங்களை அடுக்கினால் வேறுபாடு இல்லை. தெருவோர பிளெக்ஸ் பதாகைக்கோ அதைவிடக் குறைந்த நுணுக்கமே போதும்.

சுருக்கப்படாத 16 பிட் கோப்பு ஏறத்தாழ 200 மெகாபைட். 2,000 படம் எடுத்தால் 400 கிகாபைட், படிக்காப்புடன் 800. கணினியையும் வட்டுகளையும் கேமரா விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எவருக்கு எது

விருத்தாசலம் பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள ஒரு பட்டறையில் தொழிலாளரைச் சூளையருகே படமெடுப்பவருக்கு நடுத்தர வடிவம் நன்கு பொருந்தும். மனிதர் நின்று நிதானமாக ஒத்துழைக்கிறார். களிமண் படிந்த கையும் சூளையின் ஒளியும் இருண்ட கூரையும் ஒரே சட்டத்தில் வருகின்றன. ஆனால் கண்ணாடியற்ற கேமராவில் லென்சைக் கழற்றியதும் உணரி வெளிப்பட்டுவிடுவதால், மண்தூள் பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றாமல் ஒன்றையே கொண்டு வேலையை முடிப்பது அறிவுடைமை.

வெளியிடங்களில் பிளாஷுடன் உருவப்படம் எடுப்பவர் எக்ஸ் வரிசையையும், ஸ்டுடியோவிலும் கிடைத்த ஒளியிலும் எடுப்பவர் ஜி.எஃப்.எக்ஸ். வரிசையையும் முதலில் பார்க்கலாம். ஸ்டுடியோவுக்குள் பிளாஷ் மட்டுமே ஒளி என்பதால் 1/125 நொடி அங்குக் குறையன்று. ஆண்டில் சில நாட்களே தேவைப்படுவோர் பெருநகரங்களில் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். சிற்றூரில் கருவி பழுதானால் உடனடி மாற்று கிடைக்காது. ஆகவே வேறு கேமரா ஏதும் வைத்திராதவர் இதை மட்டும் வாங்குவதைப் பரிந்துரைக்க இயலாது.

பழைய சி.சி.டி. பின்பகுதிகள் மலிவாகக் கிடைக்கின்றன. குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் அவற்றின் படங்கள் இன்றும் அழகானவை. எனினும் பல மாதிரிகள் கணினியோடு இணைய ஃபயர்வயர் முனையைக் கோருகின்றன. அம்முனை இன்றைய கணினிகளில் இல்லை. மின்கலமும் உதிரிப்பாகமும் அரிது.

பழைய நெகட்டிவ்களைப் படியெடுத்தல்

முன்னாள் ஸ்டுடியோக்களில் 120 நெகட்டிவ்கள் ஈரத்தாலும் இடமின்மையாலும் அழிந்து வருகின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிவாபத்திலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் ஆதரவுடன் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களை எண்ணிமப்படுத்தியுள்ளது. தனியாரும் இப்பணியைச் செய்யலாம். பாதி அளவுப் பெருக்கம் தரும் ஜி.எஃப். 120 மி.மீ. மேக்ரோ லென்சில் 56 மி.மீ. சதுர நெகட்டிவ், உணரியில் 28 மி.மீ. சதுரமாக விழும். உணரியின் உயரம் 33 மி.மீ. என்பதால் அது முழுமையாக அடங்கும். 100 மெகாபிக்சல் கேமராவில் இதற்குக் கிடைப்பது சுமார் 7,400 × 7,400 புள்ளிகள். குழுப்படத்தின் பின்வரிசையில் நிற்பவரின் முகத்தைத் தனியே பிரித்துச் சிறிய அளவில் அச்சிட இது பெரும்பாலும் போதும்.