நெட்டைத் தம்பி

ஏ.கே. 47-ஐத் தெரியாதவர் யார்? நம்ம ஊர் சினிமா வில்லன்வரை எல்லோர் கையிலும் பார்த்தாயிற்று. அதற்கு ஒரு தம்பி உண்டு. அண்ணனைவிட நெட்டை. பெயர் ஆர்.பி.கே.

1950-களில் சோவியத் ராணுவத்துக்கு ஒரு தலைவலி. சிப்பாய்கள் கையில் கலாஷ்னிகோவ் துப்பாக்கி. கூடவே குழுவுக்கு ஒரு லைட் மெஷின் கன் வேண்டுமே? அது டெக்டியாரேவ் வடிவமைத்த ஆர்.பி.டி. 100 தோட்டா கோத்த பெல்ட், 7 கிலோவுக்கு மேல் எடை. தோட்டா என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் உதிரி பாகம் வேறு, பயிற்சி வேறு. மெஷின் கன்காரன் செத்து விழுந்தால், பக்கத்தில் இருப்பவன் அதை எடுத்து முழிக்க வேண்டியதுதான்.

கலாஷ்னிகோவ் ரொம்ப யோசிக்கவில்லை. தன் துப்பாக்கியையே இழுத்து நீட்டினார். 415 மில்லிமீட்டர் குழல் 590 ஆனது, தடிமனும் கூடியது. உடம்புத் தகடு ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர். முன்னால் இரண்டு கால்கள். 75 தோட்டா பிடிக்கும் வட்டமான ட்ரம். எடை ஐந்து கிலோவுக்கும் குறைவு! 1960-களின் தொடக்கத்தில் படைக்கு வந்துவிட்டது. தோட்டா தீர்ந்தால் பக்கத்துச் சிப்பாயின் மேகசீனை வாங்கி அப்படியே மாட்டலாம். துப்பாக்கி சுடத் தெரிந்த யாரும் இதையும் சுடலாம். போர்க்களத்தில் இது சாதாரண வசதியா என்ன?

ஆனால், சூடு இருக்கிறதே சூடு!

நிமிடத்துக்கு 600 தோட்டா வேகம். விரலை எடுக்காமல் அழுத்தினால் ஏழரை விநாடியில் ட்ரம் காலி. அதை மறுபடி ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் நிரப்ப வேண்டும். எதிரி காத்திருப்பானா? இன்னொரு பக்கம், குழல் பழுக்கக் காயும். பெரிய மெஷின் கன்களில் சூடான குழலைக் கழற்றி வேறு மாட்டிக்கொள்வார்கள். இதில் களத்தில் வைத்துக் கழற்ற முடியாது. தவிர, சுட்டு முடித்ததும் அடுத்த தோட்டா கொதிக்கும் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சூடு எல்லை மீறினால் ட்ரிக்கரைத் தொடாமலே அது வெடிக்கலாம். அதனால் விட்டு விட்டுத்தான் சுட வேண்டும். மெஷின் கன் என்று பெயர், சுபாவம் ரைஃபிளுடையது. எதிரியைத் தலைதூக்க விடாமல் அடக்கி வைப்பவனுக்கு, நிறுத்தி நிறுத்திச் சுடுவது உயிர்ப் பிரச்னை.

சோவியத்தினர் அசரவில்லை. 1974-ல் சின்னத் தோட்டாவுக்கு மாறியபோது ஆர்.பி.கே. 74 செய்தார்கள். ட்ரம் போய் 45 தோட்டா மேகசீன் வந்தது. நீடித்த சூட்டுக்கு, பெல்ட்டும் கழற்றும் குழலும் கொண்ட பி.கே.எம். தனியாக இருக்கவே இருந்தது.

கலாஷ்னிகோவ் 2013-ல் காலமானார். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 2020-ல் ஒரு புது லைட் மெஷின் கன்னை அறிமுகப்படுத்தியது. பெயர் ஆர்.பி.எல். 20. தோட்டா எப்படிப் போகிறது என்கிறீர்கள்? பெல்ட்டில்!