மார்கரீத்தா: பெயரும் பிறப்பும்



மது அருந்துதலைப் புகழ்ந்துரைக்க நான் இங்கு வரவில்லை. வரலாறு பயில்வோர்க்குச் சான்றுகளை எடைபோடக் கற்பிக்கும் பொருள்களுள் மெக்சிக்கோ நாட்டுப் பானமொன்றும் இருத்தலால் இதனை எடுத்துக்கொண்டேன். அதன் பெயர் மார்கரீத்தா.

செய்முறை எளியது. தெக்கீலா 50 மில்லிலீற்றர், தோடம்பழத் தோலின் மணமூட்டிய இனிப்பு மது 20, தேசிக்காய்ச் சாறு 15. இவற்றைப் பனிக்கட்டியுடன் குலுக்கி, விளிம்பில் உப்பு ஒற்றிய கிண்ணத்தில் வடித்தெடுப்பர். ஆனால், தெக்கீலாவோ எளிதிற் கிடைப்பதன்று. ஹலிஸ்கோ மாநிலத்து நிலங்களில் வளரும் நீல அகேவ் என்னும் செடி, பார்வைக்கு நம் ஆனைக்கற்றாழையை ஒத்தது. அது முதிர ஏழெட்டு ஆண்டுகள் செல்லும். பின்னர் நீண்ட பிடியுடைய கருவியால் முள்ளிலைகளை வெட்டி நீக்கி, அன்னாசி போன்ற அடித்தண்டை அவித்து, நசுக்கி, சாற்றைப் புளிக்கவைத்து, இருமுறை வடிப்பர். 1795இல் ஸ்பானிய மன்னர் குவேர்வோ குடும்பத்தாருக்கு இதனை வடிக்க உரிமை வழங்கினார்.

இனி, மார்கரீத்தாவை முதலிற் கலந்தவர் யார்? 1938இல் திகுவானா அருகே நடிகை ஒருத்திக்காகத் தாமே கலந்ததாகக் கார்லோஸ் ஹெரேரா என்பார் கூறினார். 1948இல் அக்காப்புல்கோவில் அளித்த விருந்தொன்றிலே தாமே கண்டுபிடித்ததாக மார்கரீத்தா சேம்ஸ் என்னும் சீமாட்டி உரைத்தார். இரண்டும் சுவையான கதைகள்தாம். ஆயினும், இலண்டனில் 1937இல் அச்சேறிய கஃபே ராயல் கலவைநூலில் இதே மூன்று பொருள்களாலான பானம் பிக்கதோர் என்னும் பெயருடன் காணப்படுகின்றது. அச்சுச் சான்று முந்தியதாயிருக்கப் பிந்திய நினைவுரையை முதன்மையாகக் கொள்வது எங்ஙனம்?

பெயருக்கும் பெண்ணொருத்தியைத் தேடவேண்டியதில்லை என்பது என் கருத்து. மது, புளிச்சாறு, இனிப்பு ஆகியன சேர்ந்த கலவைகளை அமெரிக்கர் டெய்சி என்றழைத்தனர். ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய 1920 முதல் 1933 வரையான காலத்தில் அவர்கள் எல்லை கடந்து திகுவானாவை நாடினர். தெக்கீலா டெய்சி என்ற பெயர் 1936ஆம் ஆண்டுப் பத்திரிகைச் செய்தியிலேயே வந்துவிட்டது. டெய்சி மலருக்கு ஸ்பானிய மொழியில் வழங்கும் பெயர் மார்கரீத்தா! அப்பெயருடனும் உப்பு விளிம்புடனும் எஸ்குவயர் சஞ்சிகை 1953 டிசம்பரில் செய்முறையை வெளியிட்டது.

1971இல் டலஸ் நகர உணவகக்காரர் மரியானோ மார்த்தீனெஸ், ஐஸ்கிறீம் இயந்திரமொன்றை மாற்றியமைத்து இதனை உறைபானமாக்கினார். அவ்வியந்திரம் 2005இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அரும்பொருட் சேர்க்கையில் இடம்பெற்றது.