சீன மாணவரின் கண்ணும் செவியும்: ஓர் ஆங்கிலப் பரீட்சையின் வரலாறு

ஜூன் மாதம் 8ஆம் திகதி பிற்பகல் மூன்று மணிக்குச் சீனாவின் பல நகரங்களில் வழமைக்கு மாறான அமைதி நிலவும். பரீட்சை நிலையங்களை அண்டிய வீதிகளில் வாகனங்கள் ஒலியெழுப்பத் தடை விதிக்கப்படும். கட்டட வேலைத்தளங்களில் இயந்திரங்கள் நிறுத்தப்படும். வகுப்பறைகளில் பேனாவுடன் அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு, ஒலிபெருக்கியில் வரும் ஆங்கிலம் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதே அதற்குக் காரணம். காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சையின் ஆங்கில வினாத்தாள் செவிமடுத்தலுடன்தான் ஆரம்பமாகின்றது. 2024இல் இப்பரீட்சைக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 இலட்சம் பேர்.

அப்பகுதி தொடங்குவதற்கு முன்னர் மாதிரி வினாவொன்று ஒலிக்கும். சட்டையின் விலை எவ்வளவு என்பது வினா. பத்தொன்பது பவுண் பதினைந்து பென்சா, ஒன்பது பவுண் பதினெட்டுப் பென்சா, ஒன்பது பவுண் பதினைந்து பென்சா? மூன்றாவதே சரியான விடை. ஆண்டுகள் பல கடந்தும் அந்தச் சட்டையின் விலை ஏறவில்லை என்று சீன இணையத்தளங்களில் இளைஞர்கள் கேலி செய்வதுண்டு. பிரித்தானியாவில் ஒருநாளும் கால் பதிக்காத ஒரு தலைமுறையின் நினைவில் அந்நாட்டுக் கடையொன்றின் சட்டை தொங்கிக் கொண்டிருக்கிறது.

ஒரு நாடு அந்நிய மொழியொன்றைத் தன் பிள்ளைகளின் செவிகளிலும் கண்களிலும் எவ்வாறு அளந்து பார்க்க முற்பட்டது என்பதற்குப் பின்னால் நீண்ட அரசியல் வரலாறு உண்டு.

பரீட்சை என்பது சீனாவுக்குப் புதியதன்று. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் சுயி வம்ச காலத்தில் உருவாகி 1905வரை நீடித்த அரச சேவைப் பரீட்சையின் பிறப்பிடம் அது. ஏழை விவசாயியின் மகனும் கற்றால் அதிகாரியாகலாம் என்ற நம்பிக்கை சீனச் சமூகத்தின் எலும்பில் ஊறியது. ஆங்கிலம் வந்த வழியோ வேறு. இரண்டாம் அபினி யுத்தத்தின்போது 1858இல் கைச்சாத்தான தியென்ஜின் உடன்படிக்கை, பிரித்தானிய அதிகாரிகளின் கடிதங்கள் ஆங்கிலத்திலேயே அமையும் என்றும், கருத்து வேறுபாடு எழுந்தால் ஆங்கில வாசகமே செல்லுபடியாகும் என்றும் விதித்தது. தோற்ற நாடு வென்றவனின் மொழியைக் கற்றே ஆகவேண்டிய நிலை. 1862இல் பீஜிங்கில் நிறுவப்பட்ட தொங்வென் குவான் என்ற மொழிப் பள்ளி, பத்து மாணவர்களுடன் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது.

1949இன் பின்னர் பாடசாலைகளில் ஆங்கிலத்தின் இடத்தை ரஷ்ய மொழி பிடித்துக் கொண்டது. சோவியத் ஒன்றியத்துடனான உறவு கசந்ததும் 1960களின் தொடக்கத்தில் ஆங்கிலம் மெல்லத் திரும்பியது. ஆனால் 1966இல் கலாசாரப் புரட்சி வெடித்தது. காவ்காவ் பரீட்சையே நிறுத்தப்பட்டது.

அக்காலத்தின் கொடுமையை உணர்த்த ஒரு சம்பவம் போதும். 1973 ஜூலையில் ஹெனான் மாகாணத்தின் கிராமப்புறப் பாடசாலை ஒன்றில் பதினைந்து வயது மாணவியொருத்தி ஆங்கில விடைத்தாளின் பின்புறத்தில் சில வரிகளைக் கிறுக்கினாள். நான் சீனப் பிள்ளை, எனக்கு ஏன் அந்நிய மொழி, ஏபிசி தெரியாமலே புரட்சியின் வாரிசாக முடியும் என்பது அவற்றின் சாரம். ஆசிரியர் கண்டித்தார், வகுப்பில் விமர்சனம் நடந்தது. அவள் நீரில் மூழ்கி உயிரை மாய்த்துக் கொண்டாள். சில மாதங்கள் கழித்து, மாஓவின் மனைவி ஜியாங் சிங்கின் அணியினர் இத்துயரைக் கையிலெடுத்தனர். முதலாளித்துவக் கல்வி ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டது என்ற பிரசாரம் நாடெங்கும் நடந்தது. அதிபரும் வகுப்பாசிரியரும் சிறை சென்றனர். ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்கள் பலர் பாடப்புத்தகத்தைத் திறக்கவே அஞ்சினர். ஒரு சிறுமியின் மரணத்தைக்கூட அதிகாரப் போட்டிக்கு விறகாக்கிய காலம் அது. மாஓ மறைந்து, நால்வர் குழு கைதான பின்னரே அந்த ஆசிரியர்கள்மீதான பழி துடைக்கப்பட்டது.

1977இன் இறுதியில் டெங் சியாவோபிங்கின் முயற்சியால் காவ்காவ் மீண்டும் நடைபெற்றது. பதினொரு ஆண்டுகள் தேங்கிக் கிடந்த தலைமுறை முழுவதும் திரண்டு வந்தது. தோற்றியவர்கள் 57 இலட்சம். அனுமதி பெற்றவர்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம். வயல்களிலும் தொழிற்சாலைகளிலும் இளமையைச் செலவிட்டவர்களிடம் ஆங்கிலம் கேட்பது அநீதி என்பதை அரசு உணர்ந்திருந்தது. எனவே அவ்வாண்டு மொழித்துறைகளுக்கு விண்ணப்பித்தோர் மாத்திரமே அந்நிய மொழிப் பரீட்சை எழுதினர். 1978இல் அந்நிய மொழிப் பரீட்சை நடந்தாலும் புள்ளிகள் மொத்தத்தில் சேர்க்கப்படவில்லை. 1979இல் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தோருக்கு 10 வீதம் சேர்க்கப்பட்டது. அதன் பின்னர் 1980இல் 30 வீதம், 1981இல் 50 வீதம், 1982இல் 70 வீதம் என உயர்ந்து, 1983இல் ஏனைய பாடங்களுக்கு நிகராக முழுமையாக எண்ணப்பட்டது. கல்விச் சீர்திருத்தம் என்றால் ஒரே இரவில் சுற்றறிக்கை அனுப்புவது என்று கருதும் ஆட்சியாளர்கள் இந்த ஆறாண்டு ஏணியைக் கவனிப்பது நல்லது.

அந்த ஏணியில் ஏறியவர்களில் ஒருவர் யு மின்ஹோங். ஜியாங்சு மாகாணத்துக் கிராமத்து இளைஞரான அவர் இரு தடவை தோற்று, 1980இல் பீஜிங் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறைக்குள் நுழைந்தார். அங்கு காத்திருந்தது வேறொரு சோதனை. அவருக்கு ஆங்கிலத்தை வாசிக்கத் தெரியும். காதால் கேட்டால் விளங்காது. அதனால் பின்தங்கியோருக்கான வகுப்புக்கு மாற்றப்பட்டார். அவரைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்த பரீட்சை அவருடைய செவியைச் சோதிக்கவேயில்லை. அவரே 1993இல் 'நியூ ஒரியண்டல்' என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கிப் பெரும் செல்வந்தரானார்.

அக்காலப் பரீட்சையில் உச்சரிப்புக்கு இடமே இல்லை என்று கூறவும் முடியாது. இருந்தது, ஆனால் தாளில்! ஒரு சொல்லின் கீழ்க்கோடிட்ட எழுத்து எந்தச் சொல்லிலுள்ள எழுத்தைப்போல் ஒலிக்கிறது என்று தெரிவு செய்யவேண்டும். வாயும் காதும் வேலை செய்யாமலே ஒலியில் முழுப் புள்ளி பெறலாம். இத்தனைக்கும் வகுப்பறைக்கு வெளியே மக்களின் காதுகள் ஆங்கிலத்துக்குத் திறந்திருந்தன. 1982இல் சீன மத்திய தொலைக்காட்சி பிபிசியின் 'ஃபொலோ மீ' என்ற மொழிப் பாடத் தொடரை ஒளிபரப்பியபோது, அதில் தோன்றிய காத்தி ஃபிளவர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி சீனாவில் மிகப் பிரபலமான வெளிநாட்டு முகங்களில் ஒருவரானார்.

பரீட்சையை மாற்றினால் கற்பித்தல் மாறும் என்று துணிந்து கூறியவர்கள் தெற்கே குவாங்சோ நகரிலிருந்து வந்தார்கள். குவாங்சோ அந்நிய மொழி நிறுவகத்தைச் சேர்ந்த பேராசிரியர் குவெய் ஷிச்சுன், லி சியாவ்ஜு ஆகியோரின் முயற்சியால் 1985இல் குவாங்டொங் மாகாணத்தில் புதிய ஆங்கிலப் பரீட்சை பரிசோதனையாக அறிமுகமானது. பல்தேர்வு வினாக்களும், வழிகாட்டலுடன் கூடிய எழுத்துப் பயிற்சியும் அதில் அடங்கின. பல்தேர்வு என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்போம். ஆனால் அவர்களது நோக்கம் நியாயமானது. பாடப்புத்தகத்தை மனனம் செய்து இலக்கண விதிகளை ஒப்புவித்தவனுக்கே அதுவரை வெற்றி. இனி, முன்னர் காணாத பந்தியொன்றை வாசித்துக் கிரகிக்கத் தெரிந்தவனுக்கு வெற்றி என்று ஆட்டத்தின் விதியை மாற்றினார்கள். பாடப்புத்தகத்துக்கு வெளியேயும் மாணவர் வாசிக்கத் தொடங்கியதாக லி சியாவ்ஜு 1990இல் உற்சாகத்துடன் எழுதினார். இம்முறை பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது.

அந்த உற்சாகம் நிலைத்ததா? ச்சி லூஷியா என்ற ஆய்வாளர் பரீட்சை அமைத்தவர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் ஆகிய முத்தரப்பினரையும் ஆராய்ந்து 2000களின் நடுப்பகுதியில் வெளியிட்ட கட்டுரைகள் இதற்கு விடை தருகின்றன. எண்ணிய மாற்றம் வகுப்பறையில் நிகழவில்லை என்பதே அவருடைய முடிபு. ஆசிரியர்கள் மொழியைப் பயிற்றவில்லை; வினா வடிவங்களையே பயிற்றினார்கள். பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் பரீட்சை, பிள்ளைக்கு மொழியைக் கற்பிக்கும் கருவியாகவும் இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்ததிலேயே முரண்பாடு இருந்தது. ஒரு புள்ளியில் ஆயிரக்கணக்கானோரை முந்தலாம் என்ற நிலையில் எந்த ஆசிரியர்தான் மாணவரை ஓர் ஆங்கில நாவலுடன் உட்கார விடுவார்?

வாசிப்புப் பகுதியில் இது நன்றாகவே தெரியும். இப்போதைய தேசிய வினாத்தாளில் மொத்தப் புள்ளி 150. அதில் வாசிப்புக்கு 50. நான்கு பந்திகள் வரும். முதலாவது பெரும்பாலும் விளம்பரம் அல்லது அறிவித்தல். அடுத்தவை ஒரு மனிதரின் அனுபவம், அறிவியற் செய்தி என நீளும். அவற்றின்பின் ஐந்து வசனங்கள் அகற்றப்பட்ட பந்தியொன்று. கொடுக்கப்பட்ட ஏழில் பொருத்தமான ஐந்தைத் தேர்ந்து இடைவெளிகளை நிரப்பவேண்டும். நேர்மையாகச் சொன்னால் நல்ல வினாத்தாள். ஆயினும் பயிற்சிப் புத்தகங்கள் கற்பிப்பது வேறு. முதலில் வினாவை வாசி, பின் பந்தியில் அதே சொல்லைத் தேடு, 'எப்போதும்', 'ஒருபோதும்' போன்ற சொற்கள் வந்தால் அவ்விடையை விலக்கு. இந்த வித்தைகளில் தேர்ந்த பிள்ளைகள் பந்தி எதைப் பற்றியது என்று அறியாமலே சரியான விடைக்குச் சென்றுவிடுவதுண்டு. எழுத்துப் பகுதியிலும் 1990களிலிருந்து ஒரு கற்பனை மாணவன் உலவுகிறான். லீ ஹுவா என்பது அவனது பெயர். வெளிநாட்டு நண்பருக்கு லீ ஹுவாவாக நின்று கடிதம் எழுதவேண்டும். அத்தனை கோடிக் கடிதங்களுக்கும் அந்நண்பர்கள் பதில் எழுதியதில்லை.

இனிச் செவிக்கு வருவோம். 'கேள்வி' என்ற நம் சொல் கேட்டுக் கற்பதையும் வினாவையும் ஒருங்கே குறிக்கும். சீன மாணவருக்கு அவ்விரண்டும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தது 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலுமே. மாகாணம் மாகாணமாகச் செவிமடுத்தல் சேர்க்கப்பட்டது. இருபது வினாக்கள், முப்பது புள்ளிகள். ஐந்து சிறு உரையாடல்கள் ஒரு தடவை மாத்திரம் ஒலிக்கும். ஏனைய நீண்ட பகுதிகள் இரு தடவை ஒலிக்கும்.

முப்பது புள்ளி என்றதும் நகரமும் கிராமமும் பிரிந்து நின்றன. வாசிப்பைக் கிராமத்துப் பிள்ளை உழைப்பால் வெல்ல முடியும். அகராதியும் மெழுகுவர்த்தியும் போதும். செவியை அவ்வாறு வெல்ல முடியாது. நல்ல உச்சரிப்புள்ள ஆசிரியர், ஒலிப்பதிவுக் கருவி, பழுதற்ற ஒலிபெருக்கி, ஆங்கிலத் திரைப்படம், வசதியுள்ள வீட்டில் வெளிநாட்டு ஆசிரியர் என இவையெல்லாம் காசுக்கு வருபவை. இதனால் மாகாணங்கள் சில செவிமடுத்தற் புள்ளியை மொத்தத்தில் சேர்க்காது விட்டன. 2010களில் ஹெனான் அவற்றுள் ஒன்று. அங்கு எழுத்துப் பகுதியின் 120 புள்ளிகள் 150 ஆக மாற்றிக் கணிக்கப்பட்டன. 1973இல் அந்த மாணவி வாழ்ந்த அதே மாகாணம்! நியாயத்துக்காக எடுக்கப்பட்ட முடிவுதான். ஆனால் எண்ணப்படாத ஒன்றை எந்தப் பாடசாலையும் கற்பிக்காது. புள்ளியில் ஏழைப் பிள்ளை காப்பாற்றப்பட்டான். பல்கலைக்கழக வாசலில் யு மின்ஹோங்குக்கு நேர்ந்ததே அவனுக்கும் நேர்ந்தது. இதில் எது பெரிய அநீதி என்று என்னைக் கேட்டால், செவியைக் கற்பிக்காமல் விட்டதே என்பேன். கருவியும் ஆசிரியரும் அனுப்புவதற்குப் பதிலாகப் புள்ளியை அகற்றுவது அரசுக்கு மலிவான வழி.

கேட்டலும் வாசித்தலும் எவ்வளவு வெடிமருந்து கொண்டவை என்பதை 2018இல் ஜெஜியாங் மாகாணம் கண்டது. அங்கு ஆங்கிலப் பரீட்சைக்கு ஆண்டில் இரு தடவை தோற்றி, கூடிய புள்ளியைப் பயன்படுத்தலாம். அவ்வாண்டு நவம்பர் வினாத்தாள் முந்தையதைவிடக் கடினம் என்று கருதிய அதிகாரிகள், வாசிப்பு, எழுத்து ஆகிய பகுதிகளின் சில வினாக்களுக்கு இரகசியமாகக் கூடுதல் நிறை வழங்கினர். பெறுபேறுகள் வெளியானதும் பெற்றோர் கொதித்தெழுந்தனர். செவிமடுத்தலில் திறமை காட்டிய பிள்ளைக்கு எந்த உயர்வும் இல்லை. வாசிப்பில் புள்ளி பெற்றவன் மேலே சென்றான். மாகாண ஆளுநர் தலைமையில் விசாரணை நடந்தது. டிசம்பர் 5இல் கூடுதல் நிறை இரத்தாகி, மூலப் புள்ளிகளே மீண்டன. கல்வித் திணைக்களத்தின் பொறுப்பாளர் பதவியிழந்தார். தெருவில் இறங்குவது எளிதல்லாத நாட்டில், சில புள்ளிகளுக்காக மக்கள் ஓர் உயரதிகாரியை வீழ்த்தினார்கள்.

ஆங்கிலத்தின் நிறையைக் குறைக்கவேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகின்றது. 2013இல் பீஜிங் நகரம் ஆங்கிலத்தை 150இலிருந்து 100 புள்ளிகளாகக் குறைத்து, சீன மொழியை 180 ஆக உயர்த்தும் வரைவொன்றை வெளியிட்டது. அது அவ்வாறே நடைமுறைக்கு வரவில்லை. 2021 மார்ச்சில் ஆங்கிலத்தைப் பிரதான பாடங்களிலிருந்து நீக்கும் யோசனை ஆலோசனை மாநாட்டில் முன்வைக்கப்பட்டது, கல்வியமைச்சு ஏற்கவில்லை. அவ்வாண்டு ஜூலையில் பாடசாலைப் பிள்ளைகளுக்கான தனியார் ரியூசன் தொழில்மீது அரசு கைவைத்தபோது யு மின்ஹோங்கின் நிறுவனம் ஆட்டம் கண்டது. மிஞ்சிய மேசைகளையும் கதிரைகளையும் கிராமப் பாடசாலைகளுக்கு அவர் அன்பளித்தார். மாணவர்களோ தமக்கேயுரிய குறுக்குவழியைக் கண்டனர். காவ்காவில் ஆறு அந்நிய மொழிகளில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். ஆங்கிலத்தில் பின்தங்கியோர் பலர் ஜப்பானிய மொழிக்குத் தாவினர். சீன எழுத்துகள் அதில் கலந்திருப்பதால் வாசிப்பு இலகு.

இதற்கிடையில் செவிக்கு மறுபுறத்திலிருந்து நிறை கூடியது. குவாங்டொங் 2011இலேயே கணினி வழிச் செவிமடுத்தல், பேச்சுப் பரீட்சையைத் தொடங்கியிருந்தது. பீஜிங்கில் 2021 முதல் மொத்தம் 150இல் 50 புள்ளிகள் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் உரியவை. தலைநகரின் பிள்ளை காதணி ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு கணினியுடன் ஆங்கிலத்தில் உரையாடினான். அதே ஆண்டில் ஹெனான் கிராமத்துப் பிள்ளை எழுதிய ஆங்கிலப் பரீட்சையின் புள்ளியில் அவன் கேட்ட ஒரு சொல்லும் சேரவில்லை.